கட்டையோ, மனிதனோ?

என் அக்கா மகன் யந்திரங்களுக்குக் கண் வைக்கிற வேலை பார்க்கிறான். இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "கண் வைக்கிறது லேசு மாமா, கடையிலே வாங்கி மாட்டிடலாம். பார்த்ததை இன்னதுன்னு சொல்ல வைக்கிறதுதான் எங்க வேலை" என்பான்.

மேற்கு மலையின் அடிவாரத்தில், காடு முடிந்து தோப்புகள் தொடங்கும் இடத்தில், கம்பங்கள் நட்டுக் காமிராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் நிலத்துக்குள் அதிர்வை உணரும் சிறு கருவிகளையும் புதைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யானை வந்தால் தோப்புக் காவல் குடிசையில் மணி அடிக்கும். மாடு வந்தாலோ, மூங்கில் ஆடினாலோ அடிக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு நானும் அதைப் பற்றி ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, கோவையை அடுத்த நவக்கரை அருகே, மங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதற்குப் பிறகுதான் மதுக்கரை வனப் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் எழுப்பி, இருட்டிலும் உடல் சூட்டைக் கொண்டு பார்க்கக்கூடிய வெப்பக் காமிராக்களை அரசு வைத்தது. 2024 பிப்ரவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. என் மருமகனுடைய ஏற்பாடு அதற்கு ஒரு ஏழைத் தம்பி.

சென்ற மாதம் வந்திருந்தபோது, "98 சதவிகிதம் வந்துட்டோம் மாமா" என்றான். பரீட்சையில் தேறிய பையனின் முகம்.

"மிச்சம் இரண்டு?" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, நேர்மையான பையன் ஆகையால், தன் 98-ஐத் தானே உடைத்துக் காட்டினான். ராத்திரி முழுவதும் காமிரா ஆயிரம் படம் எடுக்கிறது. அதில் ஐந்தில்தான் யானை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கருங்கல்லை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் 'யானை இல்லை, யானை இல்லை' என்று அதைச் சொல்ல வைத்தால் அதற்கு எத்தனை மார்க் கிடைக்கும்? ஆயிரத்துக்கு 995. அதாவது 99.5 சதவிகிதம். ராப்பகலாக உழைத்துச் செய்த யந்திரத்தைவிடக் கல்லுக்கு ஒன்றரை மார்க் அதிகம்! இன்னொன்றும் சொன்னான். வந்த ஐந்து யானைகளையும் கோட்டைவிட்டு, கூடவே பதினைந்து மாடுகளை யானை என்று சொல்லும் யந்திரத்துக்கும் 98தான்.

அந்தக் கல்லை என்னால் மறக்க முடியவில்லை. எத்தனையோ நாற்காலிகளில் அதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் 'இல்லை, இல்லை' என்றே சொல்லி, ஒரு தவறும் செய்யாதவர் என்று மாலை போட்டு அனுப்பப்பட்டவர்கள். அது கிடக்கட்டும்.

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கணக்கோடு நிறுத்துவதில்லையாம். இரண்டு கணக்கு வைக்கிறார்கள். வந்த யானைகளில் எத்தனையைப் பிடித்தோம் என்பது ஒன்று. அடித்த மணிகளில் எத்தனை மெய் என்பது மற்றொன்று. இரண்டும் சக்களத்திகள். அதே கண்ணையும் அதே மூளையையும் வைத்துக்கொண்டு ஒருத்தியைத் திருப்தி செய்தால் மற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு யானையும் தப்பக் கூடாது என்று காதைத் தீட்டினால் மாட்டுக்கெல்லாம் மணி அடிக்கும். மாட்டுக்கு அடிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் என்றோ ஒரு நாள் யானை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அதில் உருப்படியாக நினைவிருப்பவை சில மாலை வகுப்புக்கள். எங்கள் தமிழாசிரியர் ஒரு நாள் பாடத்தை விட்டுவிட்டு, நம் முன்னோர் காட்சியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பேச ஆரம்பித்தார். அந்தி மங்கலில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. கட்டையோ, மனிதனோ என்று மனம் ஊசலாடுகிறது. இது ஐயம். கீழே கிடக்கும் சிப்பியைக் கண்டு வெள்ளி என்றே ஒருவன் முடிவு கட்டுகிறான். இது திரிபு. இரண்டும் பழுதுபட்ட காட்சிகள்தாம். மெய்யுணர்வுக்கு இரண்டும் ஆகா. "ஐயா, இரண்டில் எது மோசம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆசிரியர் யோசித்துவிட்டு, "ஐயப்பட்டவன் அங்கேயே நிற்பான். மற்றவன் சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் நின்று சண்டை போடுவான்" என்றார். வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டது.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். இருட்டில் ஒரு வெளிறிய பிண்டம். அதன் பக்கத்தில் யந்திரம் எழுதியிருந்தது: யானை 0.62, மாடு 0.31, மற்றவை 0.07.

நான் திகைத்துப் போனேன். யந்திரம் 'யானை' என்று அடித்துப் பேசும் என்றல்லவா இத்தனை நாள் எண்ணியிருந்தேன்? அது ஐயத்தில்தான் பேசுகிறது! நாம்தான் 0.60-க்கு மேலே போனால் ஆம், கீழே நின்றால் இல்லை என்று ஒரு கத்தியை வைத்து அதன் ஐயத்தை இரண்டாக வெட்டிவிட்டு, யந்திரம் சொல்லிவிட்டது என்கிறோம். வெட்டுகிற இடத்தை யந்திரம் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு மேஜையின் முன் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தான்.

யந்திரத்தை நான் ஒரேயடியாக மகானாக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பையன் ஓர் எச்சரிக்கையும் சொன்னான். அதன் ஐயத்தையும் அப்படியே நம்பக் கூடாதாம். தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் இல்லாத ஒன்றைக் காட்டினால், சில சமயம் கொஞ்சமும் தயங்காமல் 0.99 என்று தவறாகச் சொல்லிவிடுமாம். அறியாமையே தைரியமாக வெளிப்படுவது நமக்கும் தெரிந்த சமாசாரம்தான்.

கண்ணும் காதும் பெருகினால் ஐயம் குறையும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. நாள் முழுதும் வெயிலில் காய்ந்த பாறையின் முன்னால் சாயங்காலம் யானை நின்றால் வெப்பக் காமிராவுக்கு இரண்டின் சூடும் ஒன்றாகத் தெரியும். ஆனால் பாறை நடக்காது, நிலத்தடிக் கருவி அதைச் சொல்லிவிடும். நிலத்தடிக் கருவி லாரியின் அதிர்வில் குழம்பும்போது காமிரா கைகொடுக்கும். ஒரு சாட்சி தடுமாறுகிற இடத்தில் மற்றொரு சாட்சி. ஆனால் இரண்டு பேருமே ஒரே இடத்தில் தடுமாறினால் அவர்கள் இரண்டு சாட்சிகள் அல்ல. பெருமழையில் காமிராவும் மங்கும், மண்ணும் சளசளக்கும்.

சாட்சிகள் முரண்பட்டால் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் மணி என்று ஒரு விதி வைக்கலாம். பொய் மணி குறையும். எது ஒன்று சொன்னாலும் மணி என்று வைக்கலாம். தப்புகிற யானை குறையும். எந்தக் கணித நூலைப் புரட்டினாலும் இரண்டில் எது நல்லது என்று அதில் இராது. தூக்கம் கெடுவது யாருக்கு, உயிர் போவது யாருக்கு என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்லலாம்.

அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்து டெம்பி நகரில், 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு பத்து மணி சுமாருக்கு, 49 வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலை ஒன்றைக் கடந்துகொண்டிருந்தாள். கடப்பதற்கென்று கோடு போட்ட இடம் அல்ல அது. ஊபர் நிறுவனம் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்த தானே ஓடும் கார் அந்தப் பக்கம் வந்தது. காமிராவும், ரேடாரும், லேசர் ஒளியை வீசித் தூரம் அளக்கும் லைடாரும் பொருத்திய கார். யாரும் குருடு என்று சொல்ல முடியாது. மோதலுக்கு 5.6 விநாடி முன்னாலேயே அது அவளைப் பார்த்துவிட்டது.

பார்த்தது, பெயர் வைக்கத் தெரியவில்லை. முதலில் வாகனம் என்றது. பிறகு வேறு ஏதோ ஒரு பொருள் என்றது. மறுபடி வாகனம், மறுபடி வேறு பொருள். பிறகு சைக்கிள். இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும், அதற்கு முன் அந்தப் பொருள் எங்கேயிருந்து எங்கே நகர்ந்தது என்ற கணக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. ஆகவே, ஒரே திசையில் சீராக ஒருத்தி சாலையைக் கடந்துகொண்டிருக்கிறாள் என்ற மிக எளிய விஷயம் கடைசிவரை அதற்குப் புலப்படவே இல்லை. கோட்டுக்கு வெளியே மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற நினைப்பே அதன் அமைப்பில் இல்லை என்று, விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் கண்டு சொன்னது.

1.2 விநாடி மிச்சமிருக்கும்போது மோதல் நிச்சயம் என்று கார் உணர்ந்தது. அப்போதாவது பிரேக்கை அழுத்தியதா? இல்லை. ஒரு விநாடி சும்மா இருக்கவேண்டும் என்று அதற்குக் கட்டளை இருந்தது. ஏன் அப்படி ஒரு கட்டளை? வெறும் பிரமைக்கெல்லாம் கார் திடீர் திடீரென்று நின்றுவிடும் என்று பயந்தார்கள். அந்தக் காரோடு கூடப் பிறந்த தானியங்கி பிரேக்கையும் பரீட்சை ஓட்டத்தின்போது செயலற்றதாக்கி வைத்திருந்தார்கள். ஒரு விநாடி கழிந்தது. 0.2 விநாடிதான் பாக்கி. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கார் அவள்மேல் மோதியது.

காரில் மேற்பார்வைக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கவனக்குறைவே முதல் காரணம் என்று வாரியம் சொன்னது. நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாமையையும் சொன்னது. கோர்ட்டில் நின்றவள் அவள்தான். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டாள். நிறுவனத்தின்மேல் கிரிமினல் வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று அதற்கு நாலு வருஷம் முன்பே அரசு வக்கீல் முடிவு செய்துவிட்டார். ஒரு விநாடி சும்மா இரு என்று எழுதிய கை எது என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். ஏனென்றால் அந்தக் கை எனக்குப் பழக்கமான கை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டையில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இரவு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். டிரைவர் சின்னப் பையன். இரண்டு பக்கமும் புளிய மரங்கள். நான் பின் சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஓரிடத்தில் பிரேக்கை ஓங்கி அழுத்தினான்; என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. பார்த்தால் சாலையில் ஒரு தென்னை மட்டை. "ஏதோ படுத்திருக்கற மாதிரி இருந்துதுங்க" என்றான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பிரேக். இம்முறை மட்டைகூட இல்லை; எதிர் லாரியின் வெளிச்சத்தில் மரநிழல் ஓடியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனப்பா, நிழலுக்கெல்லாம் நிறுத்தினால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேருவோமா? நீ கார் ஓட்டுகிறாயா, பேய் ஓட்டுகிறாயா?" என்றேன். நல்ல வாக்கியம் சொல்லிவிட்ட திருப்தியும் எழுத்தாளனுக்கு உரிய முறையில் உண்டாயிற்று.

மூன்றாவது தடவை அவன் பார்த்தான். பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். காரின் வேகம் ஒரு கணம் தயங்கியது. பிறகு தயக்கத்தை விட்டுவிட்டு ஓடியது. அந்த ஒரு கணத்தில் அவன் காதில் என் குரல்தான் ஒலித்திருக்க வேண்டும்.

பிறந்து பத்துப் பதினைந்து நாளே இருக்கும் செவலைக் கன்று. கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது. டார்ச் விளக்கோடு ஒரு கிழவி வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "கத்துச்சுங்களா சாமி?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். பின்னால் வந்த ஆட்கள் டிரைவரின் சட்டையைப் பிடித்தார்கள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்றார்கள். அவன் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். 'இவர்தான் நிறுத்தாதே என்றார்' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கன்றுக்கு ஒரு விலை சொன்னார்கள், கொடுத்தேன். பெரிய மனுஷர் என்று என்னைத் தனியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுப் பக்கமிருந்து தாய்ப்பசு கத்திக்கொண்டிருந்தது.

அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. கார்க்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று பல நாள் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இதனால், சந்தேகம் வந்தால் நின்றுவிடு, எப்போதும் மணியை அடி என்று ஒரு விதி செய்துவிடலாமா? முடியாது. 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு கழிந்த வேளையில், மாஸ்கோவுக்கு அருகே ரகசியக் காவல் நிலையம் ஒன்றில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற லெப்டினன்ட் கர்னல் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டன என்று வானத்துக் கோள்கள் அறிவித்தன. மங்கலாக அல்ல, உறுதியாக. உண்மையான யுத்தம் ஐந்தே ஐந்து கணையோடு ஆரம்பிக்குமா என்று அவர் ஐயப்பட்டார். நிலத்து ரேடார்கள் எதையும் காணவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உயரத்து மேகங்களின்மேல் பட்ட சூரிய ஒளியைக் கோள்கள் தீ என்று கண்டிருந்தன. சிப்பியும் வெள்ளியும்! அங்கே மணியை நம்பியிருந்தால் கெடுவது யாரோ ஒருவருடைய தூக்கம் அல்ல.

மாட்டுக்கு அடிக்கிற மணியால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நான் மருமகனிடம் தாராளமாகச் சொன்னேன். "யானை போனால் வராது. மாட்டுக்கு மணி அடித்தால் என்ன, அடித்துவிட்டுப் போகட்டுமே" என்றேன். "நீங்க ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்க மாமா" என்றான். போனேன்.

காவல் குடிசையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர் இருந்தார். மணி அடித்தால் அவர் எழுந்து, பட்டாசுப் பையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, சரிவிலிருக்கும் மேட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். பொய் மணியால் கெடுகிற தூக்கமும் அவருடையது. மெய் மணியானால் யானைக்கு முன்னால் நிற்கிற உடம்பும் அவருடையது. நான் 0.40 என்றோ, பையன் 0.60 என்றோ எண்ணை வைக்கலாம். எங்கள் இருவருக்கும் வீட்டில் கட்டில் இருக்கிறது.

பத்தரைக்கு ஒரு மணி அடித்தது. மாடு. ஒன்றே முக்காலுக்கு அடித்தது. மூங்கில் காற்றில் சாய்ந்திருக்கிறது. இரண்டேகாலுக்கு மறுபடி மாடு. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்து சொன்னதைப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். அதை வைத்துத்தான் மறுநாள் யந்திரத்துக்குப் பாடம் சொல்லவேண்டுமாம். யந்திரம் ஒவ்வொரு மார்க்காக மேலே ஏறுவது இவர் மேடு ஏறி இறங்குகிற கணக்கில்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. மூன்றாவது தடவை அவர் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சலிப்பாக இல்லையா பெரியவரே?" என்று கேட்டேன்.

"சலிக்காம என்னங்க?" என்றார்.

நாலு மணிக்கு மறுபடி அடித்தது. போனவர் வெகுநேரம் வரவில்லை. பையன் வாசலில் போய் நின்றுகொண்டான். அரைமணி கழித்து டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது.

"என்னங்க, யானையா?" என்றான் பையன்.

"தெரியலை தம்பி. புல்லு மிதிபட்டிருக்குது. ஏதோ வந்து நின்னிருக்குது. காலடி விழற மாதிரி மண்ணு இல்லை. இன்னதுன்னு சொல்ல முடியலை."

நோட்டில் பையன் இரண்டே கட்டம் போட்டிருந்தான்: யானை; யானை அல்ல. பேனாவைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். பெரியவர் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார். பிறகு பையன் ஸ்கேல் இல்லாமல் கையாலேயே, பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு கோடு இழுத்தான். கோடு கோணலாக விழுந்தது.